விட்டுப்போன இரண்டு சேர்

காரைக்காலில் ஒருவர் இறந்துபோனால் அடுத்தடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தலைகீழாகத் தெரியும். மருத்துவர் சான்று, நகராட்சியில் இறப்புப் பதிவு, நெரவிப் பக்கம் என்றால் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம், பிறகு வாரிசுச் சான்றிதழ், குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், கேஸ் இணைப்புக்குப் பெயர் மாற்றம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடு என்றால் தூதரகத்துக்குத் தனியாக ஒரு சுற்று. அரசுப் பணியில் இருந்த காலம் முழுக்க மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இதையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே வருவார்கள். எந்த நகலில் யார் கையெழுத்து வேண்டும் என்று நான் சொல்ல ஆரம்பித்ததும் அழுகையை நிறுத்திவிட்டுக் கவனிப்பார்கள். துக்கத்துக்கு நடைமுறையைப் போல மருந்து கிடையாது என்று அப்போது நினைத்திருந்தேன்.

அந்த நடைமுறை எதிலும் சேராத வேலை ஒன்றைச் செய்துகொண்டிருந்த ஒரு மனிதர் எங்கள் ஊரில் இருந்தார். பந்தலும் சேரும் வாடகைக்கு விடுகிறவர். எல்லோருக்கும் அவர் பந்தல் நானா. நானா என்றால் அண்ணன். இங்கே முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரைவிட வயதில் மூத்தவர்களும், கோயில் குருக்களும், சர்ச் தெருக்காரர்களும்கூட அவரை நானா என்றே கூப்பிட்டார்கள்.

பருத்த உடம்பு, கட்டம் போட்ட கைலி, வாயில் எந்நேரமும் ஒரு ஏலக்காய். மகான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கல்யாண வீட்டுக்கு முகூர்த்தம் நெருங்கும்போதுதான் சேர் வந்து இறங்கும். கேட்டால், "பொண்ணு மாப்புள்ள மணையிலதானே ஒக்காரப் போறாங்க" என்பார். தன் சேரைப் பற்றி அவருக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை. "நாகூரு வரைக்கும் போயி ஒக்காந்து பாத்துட்டு வாங்க. இது மாதிரி முதுகப் புடிக்காத சேரு எவன் வச்சிருக்கான்?" அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பதில் அவருக்கு இணை கிடையாது. ஆனால் சாவு வீட்டுக்கு மட்டும் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.

என் மனைவி இறந்த அன்று, செய்தி தெருமுனைக்குப் போவதற்குள் வாசலில் அவருடைய நீலப் பந்தல் ஏறிவிட்டது. நானும் என் மகனும் பந்தலுக்குக் கீழே நின்றோம். எங்கள் பக்கத்தில் ஆண்கள் துக்கம் கேட்கும் விதம் வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். வருகிறவர் இரண்டு கையையும் நீட்டுவார், நாம் தொடுவோம், வாயைத் திறக்காமல் போய் உட்கார்ந்துகொள்வார். உள்ளே பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, இறந்தவள் வைத்த குழம்பு முதற்கொண்டு சொல்லிச் சொல்லி அழுவார்கள். வெளியே நாங்கள் மேட்டூரில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று பேசுவோம். அன்று கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி லாரிகள் ஊருக்குள் வரலாமா கூடாதா என்று பேச்சு போயிற்று. அது சம்பந்தமான அரசாணையை நானே எடுத்துச் சொன்னேன். உள்ளே என் மனைவி படுத்திருந்தாள்.

கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் பார்த்தால், சுவரோரமாக இரண்டு சேர்கள் கிடந்தன. அரசுச் சொத்தாக இருந்தாலும் தனியார் சொத்தாக இருந்தாலும் இருப்புச் சரியாக இருக்க வேண்டும் என்பது என் பழக்கம். போன் செய்தேன்.

"நானா, உங்க சேர் ரெண்டு இங்க விட்டுப்போயிருக்கு."

"அப்புடியா சார்? கெடக்கட்டும், வந்து எடுத்துக்குறேன்."

"ஏத்தும்போது எண்ணிப் பாக்கறதில்லையா நீங்க?"

"எண்ணிப் பாத்துதான் சார் ஏத்துறோம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியான வேளையில் வந்தார். சேர் எடுக்க வந்தவர் வண்டி கொண்டுவரவில்லை. நடந்து வந்திருந்தார். இரண்டு சேரையும் வேப்பமர நிழலில் இழுத்துப் போட்டு ஒன்றில் உட்கார்ந்தார். "ஒக்காருங்க சார், உங்க வீடுதான்" என்றார். என் வீட்டில் என்னை உட்காரச் சொல்கிற மனிதரை என்ன செய்வது? உட்கார்ந்தேன்.

"இப்ப எப்புடிப் போவுது சார்?"

"குடும்ப அட்டையில பேர் எடுத்தாச்சு. கேஸ் மாத்தியாச்சு. வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்திருக்கோம்."

"அப்புறம்?"

"பேங்க்ல லாக்கர் அவ பேர்லயும் இருக்கு. அதுக்கு ஒரு நடைமுறை இருக்கு." அந்த நடைமுறையை முழுசாகச் சொன்னேன். ஏலக்காயை மென்றபடி ஒரு வரி விடாமல் கேட்டார்.

"அப்புறம்?"

இந்த ஒரு சொல்தான் அவருடைய ஆயுதம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதை அவர் கேள்வியாகக் கேட்கமாட்டார். பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்காருவதுபோல் சொல்வார். நான் சொல்ல வேண்டிய நடைமுறைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோயின. கடைசியில், சொல்ல நினைக்காத ஒன்று வாயில் வந்துவிட்டது.

"எல்லாத்துக்கும் ஒரு விண்ணப்பம் இருக்கு நானா. அவ தலகாணிய என்ன பண்றதுன்னுதான் தெரியல. கட்டில்ல அப்படியே கெடக்கு. எடுக்கவும் முடியல, பாக்கவும் முடியல."

நான் எதிர்பார்த்தது ஏதோ ஒரு ஆறுதல் வார்த்தை. அவர், "கெடந்துட்டுப் போவட்டும் சார். வாடகையா கேக்குது?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவன் அதை முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். அவர் என் தோளைத் தட்டவில்லை, தண்ணீர் கொண்டுவரச் சொல்லவில்லை. எதிர் வீட்டுக் காம்பவுண்டில் இருந்த ஒரு காகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போதும் சேரை எடுத்துப் போகவில்லை.

பிறகு விசாரித்ததில், காரைக்காலில் சாவு நடந்த பல வீடுகளில் இப்படி இரண்டு சேர் "விட்டுப்போயிருப்பது" தெரிந்தது. துக்கத்தில் இருக்கும் ஆணிடம் போய், உன் மனசில் இருப்பதைச் சொல் என்றால் அவன் வாசற்கதவைச் சாத்திவிடுவான். சேர் எடுக்க வந்திருக்கிறேன் என்றால் சாத்த முடியாது. அது வியாபாரம். இதை அவர் எங்கே கற்றுக்கொண்டார் என்று ஒரு முறை கேட்டேன்.

"சவுதியில கேம்ப் ரூமு சார். ஒருத்தர் மேல ஒருத்தரா அத்தன பேரு படுத்துக் கெடந்தோம். அதுல ஒருத்தன் ஒரு நா தன்னையே முடிச்சிக்கிட்டான். போலீசு வந்து, அவனுக்கு என்ன பிரச்சினன்னு கேட்டுச்சு. எங்க யாருக்கும் தெரியல. அவனுக்கு சோறுல எவ்ளோ நெய் ஊத்தணும்னு தெரியும். எந்த டீமுக்குக் கை தட்டுவான்னு தெரியும். வருசக்கணக்கா பக்கத்துப் பாயில படுத்தவன் சார்." அதற்கு மேல் அதைப் பற்றி அவரும் சொன்னதில்லை, நானும் "அப்புறம்?" என்று கேட்டதில்லை. எனக்கு அந்தத் திறமை கிடையாது.

எல்லா இடத்திலும் அவர் ஜெயித்துவிடவில்லை. கிளிஞ்சல்மேட்டில் அண்ணனைப் பறிகொடுத்த ஒரு மீனவரிடம், ஊர் ஆண்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதே, "உங்கண்ணன் சின்ன வயசுல உங்கள அடிச்சிருக்காரா?" என்று கேட்டுவிட்டார். அந்த மனிதர் எழுந்து ஒரு அறை விட்டார்.

"வல இழுத்த கை சார். காது ஒரு வாரம் 'ஙொய்'னுச்சு" என்று அதையும் ரசித்துச் சொன்னார். "தப்பு என்னுதுதான். ஊரே ஒக்காந்திருக்கு. நடுவுல ஒருத்தன் என்னத்தச் சொல்லுவான்? அதுலேருந்து ரெண்டே சேருதான். மூணாவதா ஒண்ணு போட்டாப் போதும் சார், அவ்ளோ பேரும் ஆம்பள ஆயிடுவானுவ. மீசைய முறுக்கிக்கிட்டு மேட்டூர் தண்ணியப் பத்திப் பேச ஆரம்பிச்சுருவானுவ."

"அந்த மீனவர் வீட்டுக்கு மறுபடி போனீங்களா?"

"சேரு எடுக்கணும்ல?"

இரண்டாம் முறை வலை காயப்போடுகிற இடத்தில் அந்த மீனவர் தனியாக இருந்தாராம். அண்ணன் தினமும் அடித்ததையும், கடலில் தூக்கிப்போட்டு நீந்தக் கற்றுக்கொடுத்ததையும், கடைசிவரை அவர் மேல் கோபமா பாசமா என்று தெரியாமலே போனதையும் பொழுது சாயும்வரை சொன்னாராம்.

நெரவியில், பிள்ளையை இழந்த ஒரு விவசாயி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நானா போவார், இருவரும் வயலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், நானா எழுந்து வந்துவிடுவார். இனிப் போய்ப் பிரயோசனமில்லை என்று சேரைத் தூக்கியபோது அந்த வீட்டம்மா ஓடிவந்து, "எடுக்காதீங்கண்ணே. நீங்க வந்துட்டுப் போற அன்னிக்குத்தான் அவரு ரெண்டு வாய் திங்கிறாரு" என்றாராம்.

நகரத்தில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். மனைவி போன பிறகு யார் எது கேட்டாலும் "எல்லாம் ஒழுங்கா இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவரிடம் நானா கேட்டது, "வீட்ல சமையலு யாரு?" என்பதுதான். அந்த அம்மாளுக்குச் சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாது, சமையல் எல்லாம் சொல்தாவேதான், அதை வெளியில் தெரியாமல் இருவரும் கடைசிவரை காப்பாற்றினார்கள் என்று தெரியவந்தது. "இப்ப யாருக்குய்யா சமைக்கிறது?" என்று அந்தப் பட்டாளத்துக்காரர் கேட்டாராம். அதன் பிறகு சொல்தா மாதாமாதம் தானே போன் செய்து இரண்டு சேர் வாடகைக்கு எடுக்க ஆரம்பித்தார். விசேஷம் எதுவும் இல்லாத வீட்டுக்கு எதற்குச் சேர் என்று தெருக்காரர்கள் கேட்டார்கள். "ஒக்கார" என்றாராம். நானா போகிற அன்று சொல்தா மீன் குழம்பு வைத்திருப்பார்.

ஊரில் இதைக் கேலி செய்தவர்களும் உண்டு. ஆம்பளைகளை அழவிட்டு வேடிக்கை பார்க்கிறவன் என்று என்னுடன் வேலை பார்த்த ஒருவரே சொல்லியிருக்கிறார். நானாவிடம் அதைச் சொன்னேன். "வேடிக்கதான் சார். வேற என்ன இருக்கு இந்த ஊர்ல பாக்க?" என்றார்.

இப்போது நானாவின் கடை இல்லை. மூட்டு தேய்ந்து, பந்தலையும் சேரையும் விற்றுவிட்டு, அதிராம்பட்டினத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். பெருநாளுக்கு வாழ்த்துச் சொல்லப் போன் செய்தால், அங்கே பக்கத்து வீட்டுக்காரனுக்கும் அவன் மாமனாருக்கும் என்ன தகராறு என்று விவரமாகச் சொல்கிறார். அவரைப் பற்றி நான் எழுத நினைத்தது இதற்காக இல்லை. என் மகனுக்காக.

அவன் மாடியில் குடியிருக்கிறான். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் கப்பலில் இருந்து சரக்கு இறக்குவதை மேற்பார்க்கும் வேலை. அம்மா போன பிறகு நானும் அவனும் தினமும் பேசிக்கொண்டோம். எந்த அலுவலகத்தில் எது நிலுவை என்று பேசிக்கொண்டோம். அப்பாவும் பிள்ளையும் எவ்வளவு ஒற்றுமையாகக் காரியம் பார்க்கிறார்கள் என்று உறவினர்கள் புகழ்ந்தார்கள். சில மாதம் கழித்து ஒரு நாள் காலையில் மருமகள் கீழே வந்தாள்.

"மாமா, உங்க புள்ள வேல முடிஞ்சு வந்து கார்லயே ஒக்காந்திருக்காங்க. மணிக்கணக்கா. கூப்புட்டா 'ஒண்ணுமில்ல, வர்றேன் போ'ங்கிறாங்க. சாப்புடறதே இல்ல. நேத்து வேல எடத்துல பொக்லைன் பின்னாடி வந்ததுகூடத் தெரியாம நின்னாங்களாம் மாமா. கூட இருந்தவரு இழுத்துப் போட்டிருக்காரு. அவருதான் எனக்குப் போன் பண்ணிச் சொன்னாரு." அவள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றாள். "எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயமாக இருந்தது. பயம் வந்தால் நான் என்ன செய்வேனோ அதைத்தான் செய்தேன். விஷயத்தை உரிய அலுவலருக்கு அனுப்பினேன். நேரே, அப்போது இன்னும் நடந்துகொண்டிருந்த நானா கடைக்குப் போய், "நீங்க ஒரு நடை வந்து அவன்கிட்டப் பேசணும்" என்றேன்.

மடக்கு டேபிள் ஒன்றுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன சார், தபால மாத்திக் குடுக்குறீங்க?"

"உங்களுக்கு அது வருது நானா. எனக்கு வரல."

"உங்க சம்சாரத்த எனக்குத் தெரியாது சார். ரெண்டு தரம் கும்புட்டிருக்கேன், அவ்ளோதான். உங்க புள்ள என்கிட்ட அவரு அம்மாவப் பத்திச் சொன்னா, யாரோ ஒருத்தனா தலையாட்டிக் கேட்டுக்குவேன். நீங்க இருக்கும்போது யாரோ ஒருத்தன் எதுக்கு?"

"நான் கேட்டா 'ஒண்ணுமில்ல'ம்பான்."

"ஆமா. ஒண்ணுமில்லம்பாரு. ஒடனே சரின்னு எந்திரிச்சு வந்துருவீங்க. வராதீங்க. அவ்ளோதான் வித்த." ஆணியை அடித்து முடித்தார். "இன்னொண்ணு. கேள்வி கேக்காதீங்க. உங்க வாயில கேள்வி வந்தா ஆபீஸு மாதிரி இருக்கும். மொதல்ல உங்களுதச் சொல்லுங்க."

"என்னோடத எப்படி அவன்கிட்ட..."

"ஏன், பெத்த அப்பனுக்கு வலிக்காதுன்னு புள்ள நெனச்சுக்கிட்டிருக்கா?"

அன்று சாயங்காலம் மகனின் கார் தெருவில் வந்து நின்றது. இறங்குவான் என்று பார்த்தேன், இறங்கவில்லை. போய் இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். சட்டையெல்லாம் நிலக்கரித் தூசி. ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்காமல் இருந்தான்.

"உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்றேன்.

"வாரிசுச் சான்றிதழ் வந்துருச்சாப்பா?"

"அது வந்துருச்சு. இது வேற." சட்டமன்றக் குழுவுக்கு முன்னால் நின்று பதில் சொல்வதுகூட இதைவிடச் சுலபம். "அம்மா இல்லாம என்னால அந்த வீட்ல இருக்க முடியலடா. பகல்ல எப்படியோ ஓட்டிடறேன். சாயந்தரம் ஆனா முடியல."

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் என் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் முன்னால் கண்ணாடியும் அதற்கப்பால் தெருவும் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"உனக்கு எப்படிடா இருக்கு?" கேட்கக்கூடாது என்று நானா சொல்லியிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஒண்ணுமில்லப்பா."

என் கை தானாகக் கதவுப்பிடிக்குப் போயிற்று. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எழுந்திருக்கவில்லை. ஒரு மீன்காரம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். தெருவிளக்கு எரிந்தது. அவன் மூச்சு மாறுவது கேட்டது.

"அம்மா கூப்பிட்டாங்கப்பா."

"எப்போ?"

"அன்னிக்கு. மத்தியானம். கப்பல்ல இருந்தேன், எடுக்கல. அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டேன். சாயந்தரம் நீங்க கூப்பிடறீங்க, அம்மா விழுந்துட்டாங்கன்னு." ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். "நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லக் கூப்பிட்டிருக்காங்க. நான் எடுத்திருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் இத்தனை நாளா என்கிட்டச் சொல்லாம இருக்கீங்க."

அவன் எதைச் சுமந்துகொண்டு அந்த இயந்திரங்களுக்கு நடுவில் நின்றிருக்கிறான் என்பது அப்போதுதான் புரிந்தது.

"டேய், அவ கூப்பிட்டப்போ நான் பக்கத்துலதானே இருந்தேன்."

தலையை நிமிர்த்தினான்.

"நெஞ்சு வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரிமோட்டுல எதையோ அமுக்கிட்டா. டிவி தெலுங்குக்குப் போயிடுச்சு. எதை அமுக்கினாலும் தெலுங்கு. அவ சீரியல் நேரம் வேற. என்கிட்டக் கேட்டா, டிவிகூட வந்த புஸ்தகத்தைப் படிச்சுப் பாருன்னேன். 'உங்களக் கேட்டதுக்கு'ன்னு சொல்லிட்டு உனக்குப் போட்டா. நீ எடுக்கல. 'வேலையா இருப்பான், பாவம்'னு போனை வச்சுட்டா."

"டிவிக்கா?"

"டிவிக்குத்தான்."

"அப்புறம்?" என்றான் என் மகன்.

"அப்புறம் என் பக்கம் திரும்பினா. 'மாத்தல்ல போயி அந்தத் தெலுங்கு ஊரு யானாம்ல இருந்தீங்கள்ல? இவ என்ன சொல்றான்னு சொல்லுங்க'ன்னா. எனக்கு எங்கடா தெலுங்கு தெரியும்? அங்க ஆபீஸ்ல வர்றவங்ககிட்ட 'ரேப்பு ரண்டி'ன்னு சொல்லுவேன். நாளைக்கு வாங்கன்னு அர்த்தம். அதைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. தெரியாதுன்னு ஒத்துக்க முடியுமா? டிவில மாமியார்க்காரி மருமகளைக் கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளுறா. 'என்ன சொல்றா, என்ன சொல்றா'ன்னு இவ அரிக்கிறா. 'நாளைக்கு வரச் சொல்றாங்க'ன்னேன்."

அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. கரித்தூசி படிந்த முகத்தில் கண்ணீர் இரண்டு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா சிரிச்சாங்களாப்பா?"

"புரையேறுற அளவுக்கு. அப்புறம் கடைசி வரைக்கும் தெலுங்குலயே பாத்தா. யார் எதைச் சொன்னாலும் நாளைக்கு வரச் சொல்றாங்கன்னு அவளே எனக்குச் சொல்ல ஆரம்பிச்சுட்டா."

மாடியில் மருமகள் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தான். சீட்டைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டிக்கொண்டான்.

"மொதல்லேருந்து சொல்லுங்கப்பா" என்றான். "டிவி போட்டதுலேருந்து."

சொன்னேன்.